சோற்றுப் பானை இல்லாமல் பங்கோருக்கு

பங்கோர் தீவில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். நானும் என் மனைவியும் மட்டும். ஈப்போவிலிருந்து லுமுட் வரை ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம், அப்புறம் படகு. பேராக்கில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு பயணமா, அதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குப் பெரிய பயணம்தான். ஏன் என்று சொல்வதற்கு மருத்துவமனை வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் சின்னப் பையன், எங்கள் கடைசி மகன் வயதுதான் இருக்கும். "நடக்கலாம், படி ஏறலாம், பயணம்கூடப் போகலாம். பாரம் மட்டும் தூக்காதீங்க ஆன்ட்டி" என்றார். மருந்துக்கு நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "பயணம் போகலாம்னு சொல்லிட்டாரே, எங்கே போகலாம்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். அவள் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடலுக்குப் போகலாம். கல்யாணம் ஆகி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எனக்கு இன்னும் கடல் தண்ணி முட்டிக்கு மேல நனைஞ்சதில்லங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. தெலுக் பாத்திக் கடற்கரைக்கு மட்டும் பத்துத் தடவைக்குக் குறையாமல் போயிருக்கிறோம். போர்ட் டிக்சன் போயிருக்கிறோம், பினாங்கு போயிருக்கிறோம். எல்லாவற்றையும் மறந்துவிட்டு இப்படிப் பேசுகிறாளே என்று நினைத்தேன். அஞ்சலகத்தில் இருபத்தொன்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு ரசீதைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மனம் வராது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பழைய ஆல்பங்களை இறக்கினேன்.

1987 தெலுக் பாத்திக். பெரியவள் என் தோளில், நான் இடுப்பளவு தண்ணீரில். 1991 அதே இடம். மூன்று பிள்ளைகளும் மணலில் புதைந்து தலை மட்டும் வெளியே. 1996 போர்ட் டிக்சன். என் தம்பி குடும்பம், மச்சினர் குடும்பம், எல்லாரும் தண்ணீரில் கை தூக்கி நிற்கிறோம். அவள் எங்கே என்று தேடினேன். ஒரு படத்தில் தூரத்தில் சவுக்கு மரத்தடியில் பாயில் உட்கார்ந்து ஏதோ பானையை மூடிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு படத்தில் அவள் கை மட்டும் தெரிகிறது, ஒரு தட்டை நீட்டியபடி. மற்றப் படங்களில் இல்லவே இல்லை. ஆல்பத்தை மூடிவைத்துவிட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காலத்துக் கடற்கரைப் பயணம் எப்படியிருக்கும் என்று இங்கே பலருக்கு நினைவிருக்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸோ வேனோ பிடிப்போம். விடியற்காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்றால் பெண்கள் இரண்டரை மணிக்கே எழுந்துவிடுவார்கள். தேங்காய் துருவிப் பால் பிழிந்து நாசி லெமாக், தனியாக நெத்திலி சம்பல், அவித்த முட்டை ஒரு சட்டி, மத்தியானத்துக்குக் கோழிக் குழம்பு, பிள்ளைகளுக்கு மீ கோரிங், பெரியவர்களுக்குப் புளிச்சோறு. அது போக ஒரு பெரிய தெர்மோஸில் தேநீர், இன்னொன்றில் மைலோ. வாழையிலைக் கட்டு, பாய், தண்ணீர் டிரம். கடற்கரையில் இறங்கியதும் ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீருக்கு ஓடுவோம். பெண்கள் நிழல் பார்த்துப் பாய் விரிப்பார்கள். எறும்பு, காக்கை, குரங்கு எல்லாவற்றிடமிருந்தும் சோற்றைக் காக்க வேண்டும். பத்து மணிக்குப் பசி என்று முதல் பிள்ளை வரும், மூன்று மணி வரை யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். நாலு மணிக்குப் பாத்திரம் கழுவினால் ஐந்து மணிக்கு வண்டி கிளம்பிவிடும்.

எங்கள் மேல் ஒரேயடியாகப் பழி போடவும் முடியாது. என் சம்பளத்தில் ஐந்து பேர் கடையில் உட்கார்ந்து மீன் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அந்த மாத வீட்டுத் தவணை நின்றிருக்கும். கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகள் எங்களுக்கானவை அல்ல என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் ஒரு மணி நேரம் நான் அந்தப் பாயில் உட்கார்ந்து காக்கை விரட்டியிருக்கலாம். அதற்குச் சம்பளம் ஒரு காரணமில்லை.

ஆக, பங்கோருக்கு ஒரே ஒரு நிபந்தனையோடு கிளம்பினோம். சாப்பாடு எதுவும் கட்டக்கூடாது. "பாரம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது பானைக்கும் சேர்த்துத்தான்" என்றேன். சம்மதித்தாள். புதன்கிழமை காலை காரில் ஏறும்போது கைப்பையைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்ரீ இஸ்கண்டார் தாண்டி, போத்தா தாண்டி, ஆயர் தாவார் வரும் வரைக்கும் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. எதையோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். சித்தியவானில் நிறுத்தி, சூளைச் சுவரில் ஒட்டிச் சுடும் கொங் பியாங் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். ஃபூச்சோவ் சீனர்களின் பண்டம் அது. சூடாக இருக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும், ஆறிவிட்டால் பல்லுக்கு வேலை. மூன்று சாப்பிட்டாள். அதற்கப்புறம் பின்சீட்டைப் பார்ப்பது நின்றது.

லுமுட்டில் காரை விட்டுவிட்டுப் படகு ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். படகு முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையைத் தொட்டுவிட்டு அப்புறம் பங்கோர் டவுனுக்குப் போகும். புதிதாகப் போகிறவர்கள் முதல் துறையிலேயே அவசரமாக இறங்கிவிடாதீர்கள். தங்குமிடம் தெலுக் நிப்பா என்றால் டவுனில் இறங்கி இளஞ்சிவப்பு நிற வேன் டாக்சி பிடிக்க வேண்டும். தீவுக்கு இரண்டு முகம். லுமுட்டைப் பார்த்த கிழக்குப் பக்கம் மீனவர்களின் ஊர், மரக்கால் வீடுகள், படகுகள், கருவாட்டு வாசனை. குளிக்கிற கடற்கரைகளெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே, மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி. பாசிர் போகாக் பெரியது, நீளமானது. தெலுக் நிப்பா சின்னது, எதிரே கியாம் என்ற குட்டித் தீவு கண்ணுக்கு ஆதரவாக இருக்கும். அலையும் பெரிதாக இருக்காது. எங்கள் வயதுக்கு நிப்பாதான் சரி.

அன்று சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் இருவாச்சிகள் வந்தன. மலாயில் எங்காங் என்போமே, அந்தப் பறவை. அலகுக்கு மேல் இன்னொரு அலகு வைத்ததுபோல் மஞ்சள் கொம்பு. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, யாராவது பழத்துண்டு நீட்டினால் பறந்து வந்து வாங்கிக்கொண்டு போகின்றன. அவள் வாழைப்பழத்தை ஒரு நிமிடம் நீட்டியபடி நின்றாள். ஒன்று வந்து கவ்விக்கொண்டு போனது. "பாத்தீங்களா, இங்கேயும் நான்தான் பரிமாறுறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இரவு ஈக்கான் பாக்கார். கடற்கரை ஓரத்தில் ஒரு மலாய் அம்மா வைத்திருக்கும் கடை. ஐஸ் தட்டில் மீன்கள் கிடக்கும், காட்டினால் நிறுத்து எடுப்பார்கள். நான் சியாக்காப் கேட்கப் போனேன். மனைவி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், விரலால் அழுத்தினாள். "மாச்சிக், இது இன்று வந்ததா?" என்று மலாயில் கேட்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, சியாக்காப் வளர்ப்பு மீன், திருக்கைதான் இன்று காலை வந்தது என்று உள்ளதைச் சொன்னார். திருக்கை எடுத்தோம்.

வாழையிலையில் வைத்து, மேலே சம்பல் அரைப்பை ஒரு விரல் கனத்துக்குப் பூசி, தணலில் வாட்டிக் கொண்டுவந்தார்கள். இலை ஓரம் கருகி, சம்பலின் எண்ணெய் இலையில் வழிந்து பொரிந்துகொண்டிருந்தது. திருக்கையில் முள் குத்தும் பயமில்லை, குருத்தெலும்புதான். சதை நார் நாராகப் பிரிந்து வரும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஆயர் அசாம். புளித்தண்ணீரில் வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி அரிந்து போட்டு, சுட்ட பெலாச்சான் கரைத்தது. மீனை அதில் தொட்டு, வெள்ளைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். அவள் சமையலை நான் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன், அவள் இன்னொருவர் சமையலைச் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். வீட்டில் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டு நின்றுகொண்டே சாப்பிடுவாள். அன்று முதல் தட்டு அவளுக்கு வந்தது. சூடாக வந்தது.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே ஆயர் அசாமை என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு மூணு தடவை தொட்டது போதும்" என்றாள். எண்ணித்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

வியாழன் காலை ஏழரைக்குத் தெலுக் நிப்பாவில் இறங்கினோம். வெயில் இன்னும் மலையைத் தாண்டி வரவில்லை. பஞ்சாபி சூட்டோடு தண்ணீர் ஓரத்தில் நின்றாள். கணுக்கால் வரை போனாள், திரும்பினாள். மறுபடி போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முட்டி நனைந்தபோது என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "ஆழமா இருக்குமா? இழுத்துக்கிட்டுப் போயிடுமா?" பக்கத்திலேயே ஒரு மலாய்க் குழந்தை, ஐந்து வயதிருக்கும், ரப்பர் வளையத்தோடு மிதந்துகொண்டு இவளை அதிசயமாகப் பார்த்தது. அந்தக் குழந்தையின் பாட்டி தலைத்துணியோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். "உட்காருங்கள் அக்கா, நின்றால்தான் பயம்" என்று மலாயில் சொன்னார்.

உட்கார்ந்தாள். இடுப்பளவுத் தண்ணீர் தோளுக்கு வந்தது. ஒரு சின்ன அலை வந்து முகத்தில் அடித்தது. நான் தூக்கிவிடப் போனேன், வேண்டாம் என்று கையை உதறினாள். உதட்டை நக்கிப் பார்த்து, "டாக்டர் இந்த உப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றாள். ஒரு கால் மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை. தண்ணீர் அவளைக் கொஞ்சம் தூக்கும், கொஞ்சம் இறக்கும். அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இதுக்குத்தான் பிள்ளைங்க வெளிய வர மாட்டேன்னு அந்த அடம் பிடிச்சாங்களா?"

"ஆமாம்."

"சோறு ஆறுதுன்னு நான் திட்டித் திட்டிக் கூப்பிடுவேன். சின்னவனை ஒருதரம் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். அழுதான்."

எனக்குப் பதில் வரவில்லை. பசிக்கிறது, காலைச் சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கரையேறிவிட்டேன். வாழையிலையில் மடித்த நாசி லெமாக் இரண்டு பொட்டலம், இரண்டு தே தாரிக். சவுக்கு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். அவள் செருப்பு, கைப்பை, மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாம் என் பொறுப்பில். ஐந்து நிமிடத்தில் ஒரு குரங்கு வந்துவிட்டது. கல்லைக் காட்டி விரட்டினேன். இரண்டு காக்கைகள் வந்தன. எறும்பு எங்கிருந்துதான் வருமோ தெரியாது, தேநீர்ப் பையைச் சுற்றி ஒரு படை. "சாப்பாடு வந்திருச்சு!" என்று கத்தினேன். கையை ஆட்டினாள். பத்து நிமிடம் கழித்து, "ஆறிப்போகுது!" என்றேன். அந்தப் பாட்டியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. ஒன்பது மணிக்கு வெயில் தண்ணீருக்கு வந்த பிறகுதான் எழுந்து வந்தாள். விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. ஆறிய நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டு, "சம்பல்ல சீனி கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

மத்தியானம் வேன் எடுத்துத் தீவைச் சுற்றினோம். தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670இல் பேராக் ஈயத்தைச் சேமித்து வைக்கக் கட்டிய கோட்டை, கூரையில்லாத செங்கல் சுவராக நிற்கிறது. பள்ளியில் 1874 பங்கோர் ஒப்பந்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் இந்தத் தீவின் பெயரைத்தான் எழுதினோம். அந்தக் கையெழுத்தோடுதான் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார், அடுத்த வருடமே முதல் ரெசிடென்ட் பெர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். இதையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் எதிரேயிருந்த கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிடித்தது நெத்திலிதான். இரவில் வலையில் பிடித்த நெத்திலியைச் சூடு ஆறாமல் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, பிறகு காயவைக்கிறார்கள். தலையும் குடலும் கிள்ளி எடுத்தது ஒரு விலை, எடுக்காதது ஒரு விலை. "கிள்ளாதது குடுங்க, நான் கிள்ளிக்குவேன்" என்று ஆரம்பித்தவள், என்ன நினைத்தாளோ, "வேண்டாம், கிள்ளினதே குடுங்க" என்று மாற்றிக்கொண்டாள். கூடவே மெல்லிய தகடாகக் காரமும் இனிப்புமாக இருக்கும் சாத்தே மீன் இரண்டு பாக்கெட். நாற்பது வருடத்தில் கிள்ளிய நெத்திலி எங்கள் வீட்டுக்கு வருவது இதுவே முதல் தடவை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் நாளைக் கவனிக்காமல் பதிவு செய்திருக்கிறேன். வெள்ளி என்றால் அவள் சைவம், தீவோ மீன் வாசனையிலேயே விடிகிறது. அதற்கும் வழி இருந்தது. கிழக்குக் கரையில் கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்துக்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். நாங்கள் போனபோது கூட்டமில்லை, அர்ச்சனை நிதானமாக நடந்தது. திரும்பி வந்து படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடையில் ரொட்டி சானாய். மீன் குழம்பு வேண்டாம், பருப்பு மட்டும் என்று இரண்டு முறை சொன்னாள். ரொட்டி போடுகிற பையன் கரண்டியை மாற்றி, புதுத் தட்டில் வைத்துக் கொடுத்தான். கேட்காமலே செய்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்றுப் பெரியவள் போன் செய்தாள். வரும் பள்ளி விடுமுறையில் எல்லாரும் தெலுக் பாத்திக் போகலாம், பேரப்பிள்ளைகள் சேர்ந்து பதினொரு பேர், அம்மா வழக்கம்போல நாசி லெமாக்கும் நெத்திலி சம்பலும் செய்துவிடட்டும் என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சம்பல் அப்பா செய்வாரு. எனக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கிட்டு வா, பெருசா."

நான் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். முதல் முறை பெலாச்சான் தீய்ந்து பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது முறை பரவாயில்லை, சீனி கொஞ்சம் தூக்கல் என்று சொல்லப்பட்டது.